கண்ணாடிச் சில்லும் கணிப்பொறி ஒளியும்

மொசைக் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வீட்டுத் தரைதான். சிமெண்டோடு பளிங்குக் கல்துணுக்குகளைக் கலந்து பரப்பி, இயந்திரத்தால் தேய்த்து வழவழப்பாக்கிய தரைக்கு அப்பெயர் நம் ஊரில் வழங்கலாயிற்று. இங்கே நாம் பேசப்போகும் மொசைக் வேறு. வண்ணக் கண்ணாடியைச் சிறு சில்லுகளாக உடைத்து, ஈரம் உலராத சுண்ணாம்புச் சாந்தில் ஒவ்வொன்றாகக் கையால் பதித்து, ஆலயச் சுவர்களிலும் கவிகைகளிலும் உருவங்களைத் தோற்றுவித்த பழங்கலை அது. திருச்சபையின் முதல் ஆயிரம் ஆண்டுகளில் உருவான திருவுருவங்களுள் தலைசிறந்தவை பல இக்கலையின் வழியாகவே நமக்குக் கிடைத்துள்ளன.

இத்தாலியின் ரவென்னா நகருக்கோ, பழைய கொன்ஸ்தாந்திநோபிளான இஸ்தான்புல்லுக்கோ சென்று அவற்றை நேரில் காணும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே வாய்க்கும். மற்றவர்கள் நூல்களில் அச்சான படங்களையும், அண்மைக் காலமாகக் கணிப்பொறித் திரையில் எழுப்பப்படும் ஆலயங்களையும் பார்த்து மனநிறைவு கொள்கிறோம். சுவர், தூண், கவிகை அனைத்தையும் கணக்கால் கட்டி, அவற்றின்மேல் ஒளியும் நிழலும் விழும் விதத்தையும் கணக்கிட்டுப் படமாக்கும் அக்கலைக்கு அத்துறையினர் 'ரெண்டரிங்' என்று பெயரிட்டுள்ளனர். அவ்வாறு எழுப்பப்பட்ட ஆலயத்தில் கண்ணாடிச் சில்லுகள் மின்னுவதைக் கண்டு வியக்கிறோம். அந்த மினுக்கம் எவ்வளவு உண்மை? இது கணிப்பொறி வல்லுநர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய வினா என்று ஒதுக்கிவிட இயலாது. மூலம் அழிந்துபோய்ப் படி மட்டுமே எஞ்சிய ஆலயங்கள் வரலாற்றில் உண்டு. அங்கே படி பொய் சொல்லுமானால் அதை மறுத்துரைக்க வேறு சாட்சி கிடையாது.

முதலில் சில்லின் பிறப்பைப் பார்ப்போம். உருக்கிய கண்ணாடியில் உலோகக் கலவைகளைச் சேர்த்து நிறமேற்றுவர். செம்பு ஒருவகைப் பச்சையையும் சிவப்பையும் தரும். கோபால்ட்டு ஆழ்ந்த நீலத்தைத் தரும். குழம்பைத் தட்டையாக ஊற்றி, அப்பம்போல் பரந்து இறுகியதும், நிறுத்திவைத்த உளியின் கூர்மீது கிடத்திச் சுத்தியலால் தட்டித் துண்டாக்குவர். வெனீசு நகரப் பட்டறைகள் சிலவற்றில் இன்றும் இதே முறை நிலவுகிறது. இவ்வாறு உடைத்த துண்டின் முகம் ஒருபோதும் சமதளமாக இராது. சற்றே குழிந்திருக்கும்; ஓரம் பிசிறியிருக்கும்; உள்ளே காற்றுக்குமிழி இருக்கும். ஒரே அப்பத்திலிருந்து வந்த இரு துண்டுகள்கூட ஒளியை ஒரே விதமாகத் திருப்பி அனுப்புவதில்லை.

பொற்சில்லின் அமைப்பு இன்னும் நுட்பமானது. மூச்சுக்காற்றுப் பட்டாலே பறந்துவிடக் கூடிய மெல்லிய தங்க ரேக்கைத் தடித்த கண்ணாடித் தகட்டின்மேல் பரப்புவர். அதன்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுடைய மற்றொரு கண்ணாடிப் படலத்தை இட்டு, உலையில் காய்ச்சி ஒன்றாக்குவர். ஆகவே தங்கம் வெளியே இல்லை. இரு கண்ணாடிகளுக்கு நடுவே காக்கப்பட்டிருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அது கறுக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். இதனால் விளையும் மற்றொன்றைத்தான் இக்கட்டுரையின் நோக்கத்துக்கு முதன்மையாகக் கொள்ள வேண்டும். பொற்சில்லின்மேல் விழும் ஒளி இரண்டு முறை திரும்புகிறது. நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு மேற்கண்ணாடியிலேயே பட்டு வெண்மையாகத் தெறிக்கிறது. எஞ்சியது உள்ளே புகுந்து தங்கத்தைத் தொட்டுப் பொன்னிறம் ஏற்று வெளிவருகிறது. சாய்வாகப் பார்க்கும்போது முதற்பங்கு கூடுகிறது. வெண்மினுக்கமும் பொன்னொளியும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்பதால்தான் பொற்சில்லு பித்தளைத் தகட்டைப் போல் தோன்றாமல், உள்ளிருந்து எரிவதுபோல் தோன்றுகிறது.

சில்லு சுவரை அடையும் கதையிலும் அவ்வளவே நுட்பம் உண்டு. சுவரில் இரண்டு மூன்று படலமாகச் சாந்து பூசுவர். கடைசிப் படலம் ஒரு நாளில் பதித்து முடிக்கக்கூடிய பரப்பளவுக்கே பூசப்படும். அதன்மேல் உருவத்தை வண்ணத்தால் வரைந்துகொள்வர். பொன்னிறப் பின்னணி வரவேண்டிய இடங்களில் சாந்துக்குச் சிவப்போ மஞ்சளோ தீட்டுவதும் உண்டு. சில்லுகளுக்கு இடையே விட்ட மெல்லிய சந்துகளின் வழியே அந்த நிறம் எட்டிப் பார்க்கும். தொலைவில் நிற்பவர் கண்ணுக்கு அது தனியாகத் தெரியாது, பொன்னுக்கு ஒரு கதகதப்பை மட்டும் சேர்க்கும். முகங்களுக்குப் பெரும்பாலும் கண்ணாடியை விடுத்து மென்மையான இயற்கைக் கற்களையே பயன்படுத்தினர். மற்ற இடங்களில் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சில்லு, கன்னத்தையும் கண்ணிமையையும் நெருங்குகையில் சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஆடை பளபளக்க, பின்னணி சுடர்விட, முகம் மட்டும் ஒளியை அமைதியாக வாங்கிக்கொள்ளும். இந்த வேறுபாட்டைப் படத்தில் கண்டுகொள்வது அரிது. நேரில் காண்பவர் அதை உடனே உணர்வர்.

இவை அனைத்திலும் மேலானது சாய்வு. உயரமான சுவரில் பதிக்கும்போது பொற்சில்லுகளைச் சுவரோடு சுவராக அழுத்திவிடாமல், கீழே நிற்கும் மக்களை நோக்கிச் சற்றே முன்சாய்த்துப் பதிக்கும் வழக்கம் பைசாந்திய வினைஞரிடையே இருந்தது. பலகணி ஒளியும் விளக்கொளியும் எங்கிருந்து வரும், பார்ப்பவர் எங்கே நிற்பார் என்ற கணக்கு அவர்கள் விரல்நுனியிலேயே இருந்திருக்கிறது. ஒவ்வொரு சில்லும் தனித்தனிக் கோணத்தில் அமைவதால், ஆலயத்தினுள் நாம் நடக்கும்போது ஒரு சில்லு அணைய அடுத்த சில்லு எரிகிறது. சுவர் அசையவில்லை; நாம் அசைகிறோம். ஆயினும் சுவர் உயிர்பெற்றது போன்ற தோற்றம். எண்ணெய் விளக்குகளின் சுடர் காற்றில் ஆடும்போது, நாம் நின்ற இடத்திலேயே நின்றாலும் இதே விந்தை நிகழும். ஹாகியா சோபியா என்னும் 'தூய ஞானம்' பேராலயம் 537ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 558இல் அதன் கவிகை இடிந்து, மீண்டும் கட்டப்பட்டு, 562இன் இறுதியில் திறக்கப்பட்டபோது, அரசவை அலுவலரான பவுல் சிலென்சியாரியுஸ் அவ்வாலயத்தைப் பாடிய நெடும் பாட்டில் விளக்குகளுக்கும் பொற்கூரைக்கும் கணிசமான இடம் ஒதுக்கியிருக்கிறார். ரவென்னாவில் ஏறத்தாழ 500ஆம் ஆண்டளவில் எழுந்த ஆயர் இல்லச் சிற்றாலயத்தின் முன்கூடத்தில் பொறிக்கப்பட்ட இலத்தீன் செய்யுளின் பாடுபொருளும் ஒளிதான். அக்காலத்தவர் மொசைக்கை ஓவியத்தின் ஓர் இனமாகக் கருதியதைவிட, ஒளியைக் குடியிருத்தும் ஏற்பாடாகவே கருதினர் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஒளியை இன்று அவ்வாலயங்களிலேயேகூட முழுமையாகக் காண முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரவென்னாவில் கல்லா பிளாசிதியா அரசியின் பெயரால் வழங்கும் 5ஆம் நூற்றாண்டுச் சிறு கோவிலை எடுத்துக்கொள்வோம். ஆழ்நீலக் கவிகையில் பொன்விண்மீன்கள் நிறைந்த அக்கோவிலில், பலகணிகளின் வழியே தேன்நிற ஒளி கசிந்து வருவதைப் புகழாதார் இல்லை. ஆனால் அவ்வொளியை வடிகட்டித் தரும் மெல்லிய அலபாஸ்டர்க் கற்பலகைகள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அளித்தவை. மேலும், நிலம் தாழ்ந்துகொண்டே வந்ததால் கோவிலின் தரை பழைய மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர்த்தப்பட்டுள்ளது. அதாவது, இன்று அங்கே நிற்பவரின் கண், சில்லுகளைச் சாய்த்துப் பதித்த வினைஞர் கணக்கிட்ட இடத்தில் இல்லை. ஓர் ஆள் உயரம் அளவுக்கு மேலே நிற்கிறது. கணிப்பொறியில் ஆலயத்தை எழுப்புவோர் நேரில் சென்றவருக்கும் கிட்டாத ஒன்றைத் தரக்கூடிய இடம் இதுவே. தரையைப் பழைய மட்டத்துக்குத் தாழ்த்திக் காட்ட அவர்களால் முடியும்.

மொசைக்கின் பிற்கால வரலாற்றை விரைந்து கடந்துவிடலாம். மறுமலர்ச்சிக் காலத்துக்குப்பின் ஓவியமே மேலோங்க, மொசைக் அதன் நிழலாயிற்று. உரோமைப் புனித பேதுரு பேராலயத்தில் ஈரக்கசிவால் பீட ஓவியங்கள் கெடுவதைக் கண்டு, அவற்றை மொசைக்கில் படியெடுத்து நிறுவத் தொடங்கினர். இதற்கென 1727இல் வத்திக்கானில் நிலையான பட்டறை ஒன்று அமைந்தது. ஓவியத்தின் சாயல் கெடாதிருக்க, சில்லு மின்னாமல் இருக்க வேண்டியதாயிற்று. அலெஸ்ஸியோ மத்தியோலி என்ற கண்ணாடி வினைஞர் 1730களில் ஒளி தெறிக்காத வண்ணக் கண்ணாடியைச் செய்து கொடுத்தார். சில்லுகளை நெருக்கிப் பதித்து, முகத்தைத் தேய்த்துச் சமமாக்கினர். இன்று அப்பேராலயத்துக்குச் செல்லும் திருப்பயணிகளுள் எத்தனையோ பேர், ரபேலின் தோற்றமாற்ற ஓவியத்தை அங்கே கண்டதாகக் கருதியே ஊர் திரும்புகின்றனர். அவர்கள் கண்டது மொசைக் படி என்பது அவர்களுக்குத் தெரியாது. கைத்திறன் என்ற அளவில் இது மாபெரும் வெற்றிதான். ஆனால் கண்ணாடிக்கே உரிய இயல்பை அடக்கி அடைந்த வெற்றி. 19ஆம் நூற்றாண்டில் வெனீசில் பட்டறை தொடங்கிய அந்தோனியோ சல்வியாத்தி, சில்லுகளைத் தாளின்மேல் கவிழ்த்து ஒட்டி, பட்டறையிலேயே படத்தை முடித்து, பகுதி பகுதியாக அனுப்பிச் சுவரில் அழுத்தும் முறையைப் பரப்பினார். வேலை விரைவாயிற்று; செலவு குறைந்தது; ஐரோப்பாவெங்கும் மொசைக் மீண்டும் பரவிற்று. தாளில் கவிழ்த்து ஒட்டிய சில்லுகளோ ஒரே தளத்தில்தான் அமையும். சாய்வு போயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். கணிப்பொறியும் தன் தொடக்க நாள்களில் இதே வழியில்தான் நடந்தது.

பழைய மொசைக்குகளைப் படியெடுக்க முயன்றவர்களின் கதை தனிச்சுவை உடையது. பவுலடியாரின் திருமுகங்களால் நமக்கு நன்கு அறிமுகமான தெசலோனிக்காவில், புனித தெமேத்ரியு பேராலயத்தின் பழைய மொசைக்குகள் 1907இல் வெண்சாந்துப் பூச்சின் அடியிலிருந்து வெளிப்பட்டன. 1909இல் வால்ட்டர் சைக்ஸ் ஜார்ஜ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் அவற்றை நீர்வண்ணத்தில் அளவு பிசகாமல் வரைந்தார். 1917ஆம் ஆண்டு ஆகஸ்டில் நகரை அழித்த பெருந்தீயில் ஆலயமும் எரிந்தது. வடபுற வளைவுகளின்மேல் இருந்த அந்த மொசைக்குகளில் பெரும்பகுதி மறைந்தது. பத்தே ஆண்டுகள் ஒளிகண்டு மறைந்த அத்திருவுருவங்களை அறிய இன்று நமக்குத் துணை ஜார்ஜின் நீர்வண்ணப் படங்களும், அக்காலத்து நிழற்படங்களும்தான். இந்த ஜார்ஜ் பின்னர் நம் நாட்டுக்கு வந்து, புதுதில்லியின் கட்டுமானப் பணியில் ஈடுபட்டு, தில்லி புனித ஸ்தேவான் கல்லூரியின் கட்டடத்தையும் வடிவமைத்தவர் என்பது பலர் அறியாத செய்தி.

நீர்வண்ணத்தில் நிறம் கிடைத்தது, சாய்வு கிடைக்கவில்லை. அந்தக் குறையை உணர்ந்தவர்களுள் ஒருவர் தாமஸ் விட்டமோர் என்ற அமெரிக்கர். அவருடைய பைசாந்திய ஆய்வு நிறுவனம் 1931இல் ஹாகியா சோபியாவின் மொசைக்குகளை வெளிக்கொணரும் பணியைத் தொடங்கியது. அன்னை மரியாவும் திருமுழுக்கு யோவானும் இருபுறமும் நின்று மன்றாட, நடுவே கிறிஸ்து வீற்றிருக்கும் 13ஆம் நூற்றாண்டுப் படைப்பைத் தூய்மை செய்த பின், அதன் முகத்தில் அச்செடுத்து, பாரிசுச் சாந்தில் வார்த்து, சில்லு சில்லாக வண்ணமும் பொன்னும் தீட்டிப் படி செய்தனர். அவ்வாறான படி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒவ்வொரு சில்லின் கோணமும் அச்சில் பதிந்துவிடுகிறது என்பதே இம்முறையின் சிறப்பு. நிறத்தை விழி கண்டுகொள்ளும். கோணத்தை அச்சுத்தான் பிடிக்கும் என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

இப்போது கணிப்பொறிக்கு வருவோம். 1974இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் தம் முனைவர் ஆய்வேட்டில், கணக்கால் கட்டிய வளைந்த பரப்பின்மீது ஒரு படத்தைப் போர்த்தும் வழியைக் காட்டினார். அன்றுமுதல் 'டெக்ஸ்சர்' என்ற சொல் அத்துறையில் நிலைத்தது. மரப்பலகையின் படத்தைப் போர்த்தினால் பலகை. செங்கற்சுவரின் படத்தைப் போர்த்தினால் சுவர். மொசைக்கின் நிழற்படத்தைப் போர்த்தினால்? மொசைக் அச்சிட்ட தாளை ஒட்டிய சுவர்தான் கிடைத்தது. படம் எடுத்த நேரத்தில் எந்தச் சில்லு மின்னிற்றோ அதுவே எந்நாளும் மின்னிக்கொண்டிருக்கும். நாம் திரையில் இடமும் வலமும் நகர்ந்தாலும், விளக்கை அணைத்தாலும், அந்த மினுக்கம் அசையாது.

அக்காலத்தவர் இதை அறியாதவரல்லர். வியத்நாமில் பிறந்து யூட்டாவில் பயின்ற பூய் துவாங் போங், வளைந்த பரப்பில் ஒளிப்புள்ளி எங்கே தெறிக்கும் என்பதைக் கணிக்க எளிய வழி ஒன்றைக் கண்டார். அக்கட்டுரை 1975இல் வெளிவந்தது. அதே ஆண்டில் முப்பத்திரண்டே வயதில் நோயால் மறைந்தார். அவர் பெயரால் வழங்கும் அம்முறையைப் பல ஆண்டுகள் கணிப்பொறிப் படங்கள் அனைத்தும் பின்பற்றின. 1978இல் ஜேம்ஸ் பிளின், பரப்பை உண்மையில் மேடுபள்ளம் ஆக்காமல், அதன் ஒவ்வொரு புள்ளியும் எத்திசை நோக்கியுள்ளது என்ற கணக்கை மட்டும் மாற்றி, மேடுபள்ளத் தோற்றத்தை வருவித்தார். மொசைக்கைப் பொறுத்தவரை இது பெரிய திருப்பம். சில்லின் சாய்வைக் கணிப்பொறிக்குச் சொல்ல முதன்முறையாக ஒரு மொழி கிடைத்தது.

இதனினும் வியப்பான பொருத்தம் ஒன்று உண்டு. சொரசொரப்பான பரப்பு ஒளியை எவ்வாறு திருப்புகிறது என்பதை விளக்க, 1967இல் டோரன்ஸ், ஸ்பாரோ என்ற இரு பொறியியல் அறிஞர்கள் ஒரு கருத்தை முன்வைத்தனர். எந்தச் சொரசொரப்பான பரப்பையும், கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்கண்ணாடிகள் வெவ்வேறு கோணத்தில் சாய்ந்து நிற்கும் தொகுதியாகக் கொள்ளலாம் என்பதே அது. 1980களின் தொடக்கத்தில் ராபர்ட் குக் என்பவர் டோரன்சோடு இணைந்து இக்கருத்தைக் கணிப்பொறி வரைகலைக்குள் கொண்டுவந்தார். இன்றைய திரைப்படங்களிலும் விளையாட்டுகளிலும் நாம் காணும் உலோகம், தோல், கல் யாவற்றுக்கும் அடிப்படை இதுவே. சாய்ந்த சிறு கண்ணாடிகளின் தொகுதி! இரவென்னாவின் வினைஞர் கண்ணுக்குத் தெரியும் அளவில் சுவரில் செய்து வைத்ததை, கண்ணுக்குத் தெரியாத அளவில் உலகப் பொருள்கள் அனைத்திலும் இருப்பதாக அறிவியல் கண்டுகொண்டது.

ஆயினும் அக்கருத்து மொசைக்குக்கு நேரடியாகப் பொருந்தவில்லை. காரணம் எளிது. நுண்கண்ணாடிகள் எண்ணற்றவை ஆதலால் அவற்றைத் தனித்தனியே எண்ணாமல், இத்தனை விழுக்காடு இப்பக்கம் சாய்ந்துள்ளன என்று சராசரி எடுத்தனர். சராசரியில் பிறப்பது மெழுகியதுபோன்ற மென்மையான பளபளப்பு. பொற்சுவருக்கு இக்கணக்கைப் பொருத்தினால் அது பாலிஷ் இட்ட பித்தளைத் தாம்பாளமாக மாறிவிடுகிறது. மொசைக்கிலோ ஒவ்வொரு கண்ணாடியும் எண்ணப்பட வேண்டிய ஒன்று. இந்தச் சில்லு மின்னுகிறது, அடுத்தது இருள்கிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. 2014இல் வெளிவந்த இரு ஆய்வுகள், சராசரியை விடுத்துத் தனித்தனி மினுக்கங்களைக் கணிக்கும் வழிகளை முன்வைத்தன. அவ்வாய்வாளர்களின் நோக்கம் கீறல் விழுந்த உலோகமும் மினுங்கும் வண்ணப்பூச்சும். ஆலய மொசைக் அன்று. பயன் நமக்கும் உண்டு.

இன்று ஒருவர் கண்ணாடி மொசைக்கை உண்மைக்கு நெருக்கமாகத் திரையில் எழுப்ப வேண்டுமானால் என்ன செய்வார்? நிறத்துக்கு ஒரு படம், சாய்வுக்கு ஒரு படம், சொரசொரப்புக்கு ஒரு படம், உயரத்துக்கு ஒரு படம் என்று அடுக்கடுக்காகத் தயாரிப்பார். பொற்சில்லுக்குத் தங்கத்தின்மேல் தனியே ஒரு கண்ணாடிப் படலத்தைக் கணக்கில் சேர்ப்பார். சந்துகளின் சாந்துக்கு நிறம் கொடுப்பார். இவ்வளவும் செய்துவிட்டு, பலரும் ஓரிடத்தில் சறுக்குகின்றனர். சிறு சதுரத் துண்டு ஒன்றைச் செம்மையாகத் தயாரித்து, அதையே பக்கம் பக்கமாக ஒட்டிச் சுவர் முழுவதையும் நிரப்பிவிடுகின்றனர். கணிப்பொறியின் நினைவகத்துக்கு அது சிக்கனம். மனிதக் கண்ணோ மீண்டும் மீண்டும் வரும் ஒன்றைக் கண்டுபிடிப்பதில் ஈடு இணையற்றது. ஐந்தாவது துண்டிலேயே ஏமாற்றம் வெளிப்பட்டுவிடும். இதைவிடப் பெரிய குறை, உண்மையான சில்லுகள் சதுரக் கட்டங்களில் நிற்பதில்லை என்பது. அவை உருவத்தின் விளிம்பைத் தழுவி, ஆடை மடிப்பைத் தொடர்ந்து, தலையைச் சுற்றி வளையம் வளையமாக ஓடுகின்றன. 2001இல் அலெஹோ ஹவுஸ்னர் என்பவர் சில்லுகள் உருவ விளிம்புகளைப் பின்பற்றி அமையுமாறு கணிக்கும் முறை ஒன்றை வெளியிட்டார். அழகான முயற்சி. ஆனால் அது புதிய மொசைக் ஒன்றைக் கற்பனையாகச் செய்வதற்கு; பழைய வினைஞர் உண்மையில் எப்படிப் பதித்தார் என்பதைச் சொல்வதற்கு அன்று.

பழையதை உள்ளபடி பதிவு செய்ய வேறு வழி பிறந்தது. 2001இல் ஹியூலெட் பேக்கார்டு ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் அவர் துணைவர்களும், கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் திசை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து, அவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் முறையை அறிவித்தனர். அதன்பின் விளக்கை நாம் விரும்பிய திசையில் திரையிலேயே திருப்பிப் பார்க்கலாம். களிமண் பலகைகளின் தேய்ந்த எழுத்துகளும், கிரேக்கக் கடலடியில் கிடைத்த ஆன்டிகித்தெரா பொறியின் எழுத்துகளும் இம்முறையால் படிக்கப்பட்டன. விட்டமோரின் குழுவினர் பாரிசுச் சாந்தால் பிடித்த கோணத்தை ஒளியைக்கொண்டே பிடிக்கும் வழி இது. மொசைக்கின் முகத்தில் கைபடவும் வேண்டியதில்லை. 2009இல் பிரித்தானியாவின் வாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு ஒன்று, சைப்பிரசின் கிட்டி ஊரில் உள்ள ஆங்கெலோக்திஸ்தி அன்னை ஆலயத்தைக் கணிப்பொறியில் எழுப்பி, அதனுள் புகும் பகலொளியை ஆராய்ந்தது. இரு வானதூதர் நடுவே அன்னை மரியா குழந்தையை ஏந்தி நிற்கும் 6ஆம் நூற்றாண்டு மொசைக் அங்கே உள்ளது. இத்தகைய பணிகளில் அழகுக்காகச் சில்லுகள் பளபளக்கச் செய்வதில்லை. எவ்வளவு ஒளி எந்நேரத்தில் விழும் என்று அளந்தபின்பே பளபளக்க விடுகின்றனர். விளம்பரப் படத்துக்கும் வரலாற்று ஆவணத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஓர் ஆலயத்தின் கதை கொண்டு காணலாம். நீசேயா நகரை, 325ஆம் ஆண்டின் திருச்சங்கத்தால் நாம் அறிவோம். இன்று அது துருக்கியின் இஸ்னிக். அங்கே அன்னையின் துயில்வு ஆலயம் என்று ஒன்று இருந்தது. பீடத்துக்குப் பின்னுள்ள அரைக்கவிகையில், பொற்பின்னணியில் அன்னை மரியா குழந்தை இயேசுவை ஏந்தி நின்றார். 1912இல் உருசிய அறிஞர் தெயோதோர் ஷ்மித் அவ்வாலயத்தை நிழற்படம் எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படங்கள், பொன்னில்லை, நீலமில்லை. கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் நடந்த போரின் இறுதியில், 1922இல் ஆலயம் தகர்க்கப்பட்டது. ஷ்மித்தின் நூல் 1927இல் வெளிவந்தபோது அதில் காட்டப்பட்ட சுவர்கள் நிலத்தின்மேல் இல்லை.

1959இல் பால் அண்டர்வுட் என்ற அமெரிக்க அறிஞர் அப்படங்களை உருவங்களுக்காக அல்லாமல் சில்லுகளுக்காகப் பார்த்தார். அன்னையைச் சுற்றிலும் சில்லு வரிசைகள் திடீரென்று அறுபட்டு, வேறு திசையில் ஓடும் கோடுகள் தெரிந்தன. ஒருவர் பதித்ததை மற்றொருவர் வெட்டி எடுத்துப் புதிதாகச் சாந்து பூசிப் பதித்த இணைப்புகள் அவை. அவ்விணைப்புகளைத் தொடர்ந்து சென்றபோது, பொற்பின்னணியில் பெரிய சிலுவை ஒன்றின் புறக்கோடு தடமாக நின்றது. முதலில் இருந்தது அன்னையின் உருவம். திருவுருவ எதிர்ப்பாளர் கை ஓங்கியிருந்த காலத்தில் அதைப் பெயர்த்துவிட்டுச் சிலுவையை வைத்தனர். 843இல் திருவுருவ வணக்கம் மீட்கப்பட்டபின் சிலுவையைப் பெயர்த்து மீண்டும் அன்னையைப் பதித்தனர். அவ்வாறு மீட்டவர் நவுக்ராத்தியுஸ் என்ற பெயரையும் மொசைக்கிலேயே எழுதிவைத்திருந்தார். நூற்றாண்டுக்கு மேல் நீடித்த ஒரு பெரும் பூசலின் மூன்று கட்டங்களும் அந்த ஒரே சுவரில், சில்லுகளின் வரிசை மாற்றத்தில் பதிந்திருந்தன. நிறமற்ற படத்திலும் வரிசை தப்பிப் பிழைத்ததால் அது படிக்கப்பட்டது. ஒரே துண்டைப் பக்கம் பக்கமாக ஒட்டிய பொற்சுவர் ஒன்றை அவருக்கு யாரேனும் கொடுத்திருந்தால், எத்தனை அழகாக மின்னியிருந்தாலும், அதில் அவர் படிக்க ஒன்றும் இருந்திராது.

இஸ்னிக்கில் அவ்வாலயம் நின்ற இடத்தில் இன்று தரையோடு ஒட்டிய அடிச்சுவர்கள் மட்டுமே உள்ளன.